ரத்தம் சீக்கிரம் உறையும் குடும்பமா? பரிசோதனைக்கு முன் ஆச்சியிடம் கேளுங்கள்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில், நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. எங்கள் அம்மா வழியில் யாருக்கு எந்த வயதில் கால் வீங்கியது, யார் சின்ன வயதில் திடீரென்று போனார்கள், யாருக்குக் கரு தங்காமல் போனது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறேன். எனக்கு இரண்டு முறை ரத்தம் உறைந்த பிறகுதான் இந்தத் தாளை எழுதினேன். முன்னாலேயே எழுதியிருந்தால் இரண்டாவது முறை நடந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன். அதனால் நீங்களும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவதற்கு முன் இதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் என் கதை. 2012-இல் இரண்டாவது மகன் சிசேரியனில் பிறந்தான். 19-ஆம் நாள் இடது கெண்டைக்கால் கனத்தது. நடந்தால் இழுத்துப் பிடிக்கும், தொட்டால் சுடும். சுளுக்கு என்று நினைத்த அம்மா தைலம் தேய்த்து இரண்டு நாள் நீவி விட்டார்கள். மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ் வேலை பார்ப்பவர். என் காலைப் பார்த்ததும், "தையல் டேப் இருக்கா?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. இறங்கி, பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கால்களையும் சுற்றி அளந்தார். வலது 34, இடது 38.5. "இனிமே யாரும் இந்தக் காலைத் தேய்க்கக் கூடாது. இன்னைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும்" என்றார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் அது.

இந்த அளவை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கெண்டைக்கால்களுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவர்கள் ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில், ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம். கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் கட்டி இடது காலில்தான் அதிகம் வரும், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சிரையின் மேல் வலது காலுக்குப் போகும் தமனி குறுக்கே ஏறிப் போகிறது. வயிறு பெருக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் கூடிவிடும். கட்டி இருக்கும் காலைத் தேய்ப்பது ஆபத்து. ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். என் அம்மா பாசத்தோடுதான் தேய்த்தார்கள், அவர்களுக்கு இது தெரியாது.

உறைவது எப்படி

பாலுக்கு உறை ஊற்றுகிறோம். ரத்தம் கட்டியாவதற்கும் நாம் அதே வார்த்தையைத்தான் சொல்கிறோம். ஆனால் ரத்தத்துக்கு உறைமோரை யாரும் வெளியிலிருந்து ஊற்றுவதில்லை. கல்லீரல் செய்து அனுப்பும் புரதங்கள் எப்போதும் ரத்தத்தில் தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கும். கத்தி பட்டால் ஒன்று அடுத்ததைத் தூண்டி, கடைசியில் த்ராம்பின் என்பது உருவாகி, வலைபோல ஒரு கட்டியைப் பின்னும். காயத்துக்கு அது தேவை. ஆனால் அந்த வேலை காயத்தோடு நின்றாக வேண்டும். அதற்கு உடம்பில் பிரேக்குகள் உண்டு. ஆன்டித்ராம்பின் என்பது த்ராம்பினைப் பிடித்துக் கட்டிப் போடும். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் இரண்டும் ஜோடியாகப் போய், உறைய வைக்கும் புரதங்களில் ஐந்தாம், எட்டாம் காரணிகள் என்பவற்றை வெட்டி அணைக்கும்.

இந்த பிரேக்குகளில் ஒன்று பிறவியிலேயே பாதிதான் வேலை செய்தால், அதுதான் பரம்பரை த்ராம்போஃபிலியா. ரத்தம் "கெட்டியாக" இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள், அது சரியல்ல. என் ரத்தமும் உங்கள் ரத்தமும் ஊசியில் ஒரே மாதிரிதான் வரும். உறையத் தொடங்கினால் எனக்கு நிற்கத் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஐரோப்பியர்களிடம் இதில் அதிகம் காணப்படுவது ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம். 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஐந்தாம் காரணியில் புரோட்டீன் சி வெட்ட வேண்டிய இடம் மாறிப்போயிருக்கும், அதனால் கத்தரி வழுக்கிவிடும். அங்கே நூறில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது உண்டு. நம் மக்களிடம் குறைவு. த்ராம்பினாக மாறும் புரோத்ராம்பின் என்ற புரதத்தின் மரபணு மாற்றம் அதைவிட அரிது. ஆகவே இணையத்தில் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இந்த இரண்டையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். நம்மவர்களுக்கு சி, எஸ், ஆன்டித்ராம்பின் குறைபாடுகளையும், பின்னால் சொல்லப்போகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயையும்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

குறைபாடு இருப்பவர்களில் நிறையப் பேருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் ஆகாது. கட்டி வர வேறொரு காரணமும் கூடச் சேர வேண்டும். ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியதை வைத்து இன்றும் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் பக்கம் சாய்ந்திருப்பது. அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் உலக த்ராம்போசிஸ் (ரத்தக்கட்டி) தினமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு 2012-இல் மூன்றும் ஒன்றாக வந்தன. பிறவிக் குறை, ஆபரேஷன், படுக்கை. போதாததற்குப் பேறுகால ரத்தம் இயற்கையாகவே உறையும் பக்கம் சாய்ந்திருக்கும். தாய் ரத்தப்போக்கில் போய்விடக் கூடாது என்று உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 6 வாரம்தான் ஆபத்து உச்சம்.

எந்தத் தேதியில் எடுத்த ரத்தம்?

ஸ்கேனில் கட்டி தெரிந்து என்னைச் சேர்த்த இடத்தில், உறைதலைத் தடுக்கும் ஹெபாரின் ஊசி ஆரம்பித்த மூன்றாம் நாள் ஒரு பெரிய பரிசோதனைத் தொகுப்புக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆன்டித்ராம்பின் 52 சதவீதம், புரோட்டீன் எஸ் 31 சதவீதம் என்று வந்தது. "இரண்டு பிறவிக் குறைபாடுகள்" என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதிவிட்டார்கள். இரண்டு குறையும் உள்ளவள் என்ற பயத்தோடு இரண்டு வருஷம் வாழ்ந்தேன். இரவில் கால் மரத்தால்கூட விழித்துக்கொள்வேன்.

2014-இல் வேறு ஒரு ரத்தவியல் மருத்துவரைப் பார்த்தேன். ரிப்போர்ட்டை வாங்கியவர் எண்களைப் பார்ப்பதற்கு முன் மேலே இருந்த தேதியைப் பார்த்தார். "அன்னைக்கு உங்களுக்கு என்ன ஊசி போயிட்டிருந்தது? குழந்தை பிறந்து எத்தனை நாள்?" என்று கேட்டார். ஒரு கட்டி உருவாகும்போதே அந்த பிரேக் புரதங்கள் செலவாகிக் குறைந்துவிடும். ஹெபாரின் வேலை செய்வதே ஆன்டித்ராம்பினைத் தூண்டித்தான், அதனால் ஊசி போகும்போது அதன் அளவு இறங்கும். கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போதும் புரோட்டீன் எஸ் இறங்கும். உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளான வார்ஃபரின், அசினோகுமரால் போன்றவை சி, எஸ் இரண்டையும் இறக்கும். கல்லீரல் நோய் எல்லாவற்றையும் இறக்கும். அந்த மூன்றாம் நாள் எண்ணில் எது பிறவி, எது வந்து சேர்ந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

மறுபடி எடுத்தோம். அப்போது நான் எந்த மாத்திரையிலும் இல்லை, குழந்தை பால் மறந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஆன்டித்ராம்பின் 96. புரோட்டீன் எஸ் மட்டும் மறுபடியும் குறைவு. சில மாதம் கழித்து இன்னொரு தடவையும் குறைவு. ஒரு குறைபாடுதான் எனக்கு. பேருந்தில் திரும்பி வரும்போது அழுதேன்.

ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது இதைக் கவனியுங்கள். கட்டி வந்த சமயத்தில் எடுக்கச் சொன்னால், "இப்போது எடுத்தால் சரியாக வருமா, பிறகு எடுக்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் வைத்தியம் இந்த முடிவுக்காகக் காத்திருக்காது, எப்படியும் ஊசியும் மாத்திரையும் தொடங்கிவிடும். பொதுவாகக் குறைந்தது 3 மாத வைத்தியம் முடிந்து, வார்ஃபரின் நிறுத்தி 2 வாரமாவது போன பிறகு எடுத்தால் சி, எஸ் முடிவை நம்பலாம். இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சிலருக்கு நிறுத்தவே முடியாது. ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகளும் சில முடிவுகளைத் திரித்துவிடும், அதனால் என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டோம் என்று படிவத்தில் எழுதுங்கள். மரபணு சோதனைகளுக்கு இந்தக் கவலை இல்லை, எந்த நாளும் எடுக்கலாம். புரோட்டீன் எஸ் என்றால் "ஃப்ரீ" என்று இருக்கிறதா பாருங்கள். அதில் பாதிக்கு மேல் வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சும்மா திரிவதுதான் வேலை செய்யும். குறைவு என்று வந்தால் ஒரே ஒரு தடவையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தொகுப்புகளில் எம்.டி.ஹெச்.எஃப்.ஆர். என்றொரு மரபணு சோதனை சேர்ந்தே வரும். அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அந்த மாற்றம் ஏராளமான பேருக்கு உண்டு, அதை வைத்து வைத்தியம் எதுவும் மாறுவதில்லை. சைவச் சாப்பாட்டுக்காரராக இருந்தால் அந்தப் பணத்தில் பி12 அளவைப் பாருங்கள். அது குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறும், நரம்புக்கும் கெடுதல்.

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்திலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனம் இருக்கிறது. ரத்தம் உறைதலைப் பற்றி ஆராய்வதற்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டு. உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

கரு தங்காதவர்களுக்கு

இந்தப் பகுதியை என் மாமா மகளுக்காக எழுதுகிறேன். அவளுக்கு மூன்று முறை கலைந்தது. ராசியில்லாதவள் என்று அவள் காதுபடவே பேசினார்கள். தாராவியிலிருந்து ஊருக்குப் போய் நாகர் பிரதிஷ்டைகூடச் செய்துவிட்டு வந்தார்கள். கடைசியில் தெரிந்தது ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். இது பரம்பரையாக வரும் பிரேக் குறைபாடு கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திசை மாறி ரத்தத்தை உறைய வைக்கிறது. 10 வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று முறை கலைந்தாலும், 10 வாரம் தாண்டி நன்றாக வளர்ந்த கரு காரணமில்லாமல் ஒரே ஒருமுறை இறந்தாலும் இதைச் சோதிக்க வேண்டும்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைகோபுரோட்டீன் எதிர்ப்பான் என்று மூன்று சோதனைகள். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும், ஏனென்றால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகும் கொஞ்ச காலம் அப்படிக் காட்டும். இதில் குழப்பம் என்னவென்றால், சோதனைக் குழாயில் இந்த ரத்தம் உறைய அதிக நேரம் எடுக்கும். ரிப்போர்ட்டில் ஏ.பி.டி.டி., அதாவது குழாயில் ரத்தம் உறைய ஆகும் நேரம், நீண்டிருப்பதைப் பார்த்து, இவளுக்கு ரத்தம் உறையாத நோய் என்று நினைத்துவிடுவார்கள். உடம்புக்குள் நடப்பது நேர் எதிர். என் மாமா மகளுக்கு நாலாவது கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் தினமும் வயிற்றில் ஹெபாரின் ஊசியும் கொடுத்தார்கள். ஹெபாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. அந்தப் பெண் குழந்தை இப்போது மாட்டுங்காவில் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு, அதிலும் மூன்று சோதனையும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு, ரிவராக்சபான் வகை சரிப்படாது. கட்டி வந்திருந்தால் பழைய வார்ஃபரின்தான்.

மாத்திரையும் கீரையும்

வார்ஃபரின், அசினோகுமரால் வகையைத் தொடங்கும்போது முதலில் ஹெபாரின் ஊசியும் சேர்ந்தே போகும், குறைந்தது 5 நாள். ஊசியைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். இந்த மாத்திரைகள் வைட்டமின் கே-யைத் தடுத்து வேலை செய்பவை. தொடக்கத்தில் அவை முதலில் கீழே தள்ளுவது புரோட்டீன் சி போன்ற பிரேக்கைத்தான். ஏற்கனவே பிரேக் குறைந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சில நாளில் உறைவது கூடிவிடும்.

அப்புறம் ஐ.என்.ஆர். மாத்திரை ரத்தம் உறைவதை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று காட்டும் எண் அது. பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். எனக்கு 2.4-இல் நின்றது, திடீரென்று 1.3-க்கு இறங்கியது. மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. மருத்துவர் சாப்பாட்டைக் கேட்டார். அம்மா பால் சுரக்கட்டும் என்று ஒரு வாரமாக மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்கீரை வாங்கி வந்து, தினமும் இரண்டு வேளை, தேங்காய் போட்டுத் துவட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம். அதற்காகக் கீரையையே நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் மறுபக்கம் ஏறும். வாரம் இரண்டு நாள், அதே கிண்ணம், அதே அளவு என்று வைத்துக்கொண்டேன். எண் நிலைத்தது. பால் கொடுத்துக்கொண்டே அந்த மாத்திரையைச் சாப்பிடலாம், நானும் கொடுத்தேன். ஆனால் கர்ப்பமாகத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முதல் மூன்று மாதத்தில் அது கருவின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோநிடசோல் ஐ.என்.ஆரை எகிற வைக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள். பல் பிடுங்கப் போனால் முதலில் மாத்திரை விஷயத்தைச் சொல்லுங்கள். மலம் (உள்ளே ரத்தம் கசிந்து) தார்போல் கறுத்தால், தலையில் அடிபட்டால், உடனே மருத்துவமனை.

இப்போது நான் ரிவராக்சபானில் இருக்கிறேன். ஐ.என்.ஆர். கிடையாது, கீரைக் கணக்கும் கிடையாது. 15, 20 மி.கி. மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சேரும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இது ஆகாது.

நான் செய்த தவறு

2019-இல் ஊரில் அம்மன் கோயில் கொடை. நாள் தள்ளிப்போக வேண்டும் என்று மருந்துக்கடையில் மாத்திரை கேட்டேன், சீட்டு இல்லாமலே கொடுத்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எனக்கு ஆகாது என்று தெரியும். இது வேறு என்று நினைத்தேன். நாள் தள்ளப் போடும் நோரெதிஸ்டிரோன், அந்த அளவில் சாப்பிட்டால், ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாகவே மாறுகிறது. கட்டி வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் மாத்திரை, அதன்மேல் திருநெல்வேலிக்கு ஒன்றரை நாள் ரயில், கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. கொடைக்கு மறுநாள் காலை கிணற்றடியில் குடத்தைத் தூக்கியபோது மூச்சு ஏறவில்லை. இழுத்து மூச்சு விட்டால் வலது விலாவில் குத்தல். நுரையீரலில் கட்டி.

திடீர் மூச்சிரைப்பு, மூச்சோடு வரும் குத்தல், சளியில் ரத்தம், காரணமில்லாத படபடப்பு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு விடாத தலைவலி, வலிப்பு, ஒரு கை மரப்பு வந்தால் மூளைச் சிரையில் கட்டியாக இருக்கலாம், அதைச் சன்னி என்று சொல்லி உட்கார்ந்திருக்காதீர்கள். நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து தாராளமாகக் கொடுங்கள், எழுந்து நடக்கவும் விடுங்கள்.

மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் 88 வயது ஆச்சி என் காலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, உன் சின்னச் சித்திக்கும் இப்படித்தான். பிள்ளை பெத்த 12-ஆம் நாளு. கால் வீங்கிக் கெடந்தா. தண்ணி குடிக்க எந்திரிச்சவ மூச்சு வாங்கி விழுந்தா. சன்னின்னு சொல்லிட்டாங்க."

1987. சித்திக்கு 26 வயது. சன்னியில் போனாள் என்றுதான் நான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கால் வீங்கியதை யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

அந்தப் படுக்கையிலேயே தாளை எழுத ஆரம்பித்தேன். நீங்கள் எழுதும்போது "மாரடைப்பா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். என்ன வயது, கடைசி வாரத்தில் என்ன நடந்தது, கால் வீங்கியிருந்ததா, பிள்ளை பெற்றிருந்தாளா, ஆபரேஷன் நடந்ததா, எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கேளுங்கள். 50 வயதுக்குள் நடந்ததைத் தனியாகக் குறியுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் எழுதுங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்திருந்தால் அதையும் எழுதுங்கள். இந்தக் குறை பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்பில் வருவது. மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் அதே குறை இருந்தால், குழந்தைக்கு இரட்டையாக வரலாம். புரோட்டீன் சி அப்படி இரட்டையாகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளில் தோலெல்லாம் கறுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

தாளைப் பார்த்துவிட்டு அம்மாவும் தங்கையும் சோதித்துக்கொண்டார்கள். இருவருக்கும் புரோட்டீன் எஸ் குறைவு. தங்கைக்கு இதுவரை கட்டி வந்ததில்லை, அதனால் அவளுக்கு மாத்திரை எதுவும் இல்லை. 2021-இல் அவளுக்குப் பிரசவம் ஆனபோது மருத்துவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு 6 வாரம் தினமும் 40 மி.கி. எனாக்சபாரின் என்ற ஹெபாரின் வகை ஊசி எழுதினார். நானே போய்ப் போட்டுவிட்டேன். தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, கொழுப்பைக் கிள்ளிப் பிடித்து, ஊசியை நேராகச் செருக வேண்டும். எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது. ஒருநாள் இடம், ஒருநாள் வலம். மொத்தம் 42 ஊசி.

என் பிள்ளைகளுக்கு இன்னும் எடுக்கவில்லை. இருவரும் பையன்கள், இப்போது தெரிந்தும் செய்யப்போவது ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். மூத்தவன் கால்பந்து ஆடுகிறான். காலில் கட்டுப்போட்டுப் படுக்கிற நிலை வந்தால் இந்தத் தாளை மருத்துவரிடம் காட்டச் சொல்லி, அது எந்தப் பையில் இருக்கிறது என்று இருவருக்கும் காட்டி வைத்திருக்கிறேன்.